குடியேற்றச் சட்டமும் நோயாளியின் படுக்கையும்



முப்பத்துமூன்று ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தும் பழக்கம் மட்டும் என்னிடமிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆகவே, வெளிநாட்டு வேலையைப்பற்றி மாணவர்களிடம் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, கரும்பலகை இல்லாத வகுப்பறை ஒன்று கிடைத்ததாக எண்ணி உடனே ஒப்புக்கொண்டேன். ஆனால் பாஸ்போர்ட் எடுப்பது எப்படி, விசாவுக்கு எழுதுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அவற்றை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஒரு நாடு தன் எல்லையில் கதவைத் திறப்பதாலும் சாத்துவதாலும் அந்நாட்டு மருத்துவமனையில் என்ன நேர்கிறது, அங்கே வேலைக்குச் சென்றவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதே இன்று என் பொருள். நாடு, பிரிட்டன்.

இப்பொருளை எனக்குத் தந்தவர்கள் என்னிடம் படித்த இரு பெண்கள். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். நர்ஸ் படிப்பையும் ஒன்றாகவே முடித்தார்கள். மதுரையில் ஒரே மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலையும் பார்த்தார்கள். பெயர்கள் வேண்டாம். ஒருத்தியை முன்னே சென்றவள் என்றும், மற்றவளைப் பின்னே சென்றவள் என்றும் குறிப்பிடுகிறேன். முன்னே சென்றவள் 2023 அக்டோபரில் இங்கிலாந்து போனாள். பின்னே சென்றவள் 2024 மே மாதம் போனாள். இருவருக்கும் அங்கே கிடைத்தது முதியோரைப் பராமரிக்கும் வேலை. ‘கேர் ஒர்க்கர்’ என்று சொல்லுகிறார்கள். நர்ஸாகப் பதிவு பெற அங்கே ஆங்கிலத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். அதுவரை காத்திருக்க இருவர் வீட்டுக் கடனும் இடம் கொடுக்கவில்லை.

படிப்பு ஒன்று, தொழில் ஒன்று, ஊரும் ஒன்று. ஆயினும் முன்னே சென்றவளின் கணவனும் மகனும் இன்று அவளோடு இருக்கிறார்கள். பின்னே சென்றவளின் மகள், ஊரில் தன் ஆச்சியோடு இருக்கிறாள். காரணம், 2024 மார்ச் 11. அந்த நாள் முதல் விண்ணப்பிக்கும் பராமரிப்பாளர்கள் தம் கணவன், மனைவி, குழந்தைகளை உடன் அழைத்து வரக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு விதி செய்தது. ஏழு மாத இடைவெளியில் ஒரே பெஞ்சு இரண்டாகப் பிளந்துவிட்டது.

இஃது இரு பெண்களின் குடும்பக் கதை மட்டுமே என்றால் வானொலிக்கு இதைக் கொண்டுவந்திருக்க மாட்டேன். இதற்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி என்னும் அமைப்பு 1948 ஜூலை 5 அன்று தொடங்கிற்று. சுகாதார மந்திரியாக இருந்த அனூரின் பெவன் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பணக்காரன், ஏழை என்ற வேறுபாடு இன்றி, நோயுற்றவன் கையில் காசில்லாமலே வைத்தியம் பெறலாம் என்பது அதன் அடிப்படை. செலவு வரிப்பணத்திலிருந்து வரும். உயர்ந்த எண்ணந்தான். ஆனால் எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு வார்டில் இரவுக் காவல் இருக்க முடியாது. மருத்துவமனைகள் நாட்டுடைமை ஆன அன்றே நர்ஸுகள் போதவில்லை. இளம் மருத்துவர்களும் போதவில்லை. அத்திட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன், ஜூன் 22 அன்று, ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைத் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டில்பரித் துறையில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் கப்பலும் அந்தத் திட்டமும் ஒரே கோடையில் வந்தன என்பதை நினைவில் வையுங்கள்.

அக்காலத்தில் தடை என்பதே இல்லை. 1948-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தேசிய உரிமைச் சட்டப்படி, காமன்வெல்த் நாட்டார் எவரும் அங்கே சென்று வாழலாம், உழைக்கலாம். ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் இளம்பெண்கள் நர்ஸ் பயிற்சிக்குச் சென்றார்கள். அவர்களை அழைத்ததே பிரிட்டிஷ் மருத்துவமனைகள்தாம். அங்கே இருவகைப் பயிற்சி இருந்தது. மூன்றாண்டுப் பயிற்சி முழுமையான நர்ஸுக்குரியது; இரண்டாண்டுப் பயிற்சி அதற்குக் கீழ்ப்படியில் உள்ளது. வந்த பெண்களில் பலரை, வேறுபாடு இன்னதென்று விளங்குமுன்னரே, இரண்டாவதில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் சொந்த ஊர் திரும்பினால் செல்லாது. ஆசிரியனாக இருந்தவனுக்கு இது உறுத்துகிறது. மாணவன் எந்தப் பாடப்பிரிவில் சேர்கிறான் என்பதை அவனுக்குச் சொல்லாமலே சேர்ப்பது ஆசிரியத் தொழிலில் பெருங்குற்றம்.

மருத்துவர்கள் நம் நாட்டிலிருந்தும் பாக்கிஸ்தானிலிருந்தும் சென்றார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த நம்மவர்களும் அவர்களுள் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்த நம் மருத்துவக் கல்விக்கும் அவர்கள் கல்விக்கும் பாடத்திட்டம், மொழி, பாடநூல் எல்லாம் பெரும்பாலும் ஒன்றாக இருந்தமையால், இங்கே பட்டம் பெற்றவர் அங்கே நேரே வேலையில் அமர முடிந்தது. 1961-இல் பிரபுக்கள் சபையில் பேசிய கோஹன் பிரபு, தாமே ஒரு மருத்துவர். இந்தியாவிலிருந்தும் பாக்கிஸ்தானிலிருந்தும் வந்த இளம் மருத்துவர்கள் இல்லாவிட்டால் மருத்துவப் பணி இடிந்து விழுந்திருக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் இப்படிச் சொன்ன மறு ஆண்டே கதவு சாத்தப்பட்டது. காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வேலைக்கு வருபவன் தொழில் அமைச்சகத்தின் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கையில் கொண்டுவர வேண்டும். சீட்டு மூன்று வகை. குறிப்பிட்ட முதலாளி குறிப்பிட்ட வேலை கொடுத்திருந்தால் முதல் வகை. மருத்துவர், நர்ஸ், ஆசிரியர் போன்ற தேர்ச்சி பெற்றவருக்கு இரண்டாம் வகை. கைத்தொழில் எதுவும் அறியாத உழைப்பாளிக்கு மூன்றாம் வகை. மூன்றாவதை 1965-இல் அறவே நீக்கிவிட்டார்கள். மொத்தச் சீட்டுகளையும் ஆண்டுக்கு 8,500 என்று சுருக்கினார்கள். ஆகவே கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் சாத்தப்படவில்லை. தெருவில் உழைக்க வருபவனுக்கு இறுகச் சாத்திய கதவு, மருத்துவருக்குச் சற்றே திறந்திருந்தது.

இச்சட்டத்தால் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அதற்குமுன் பலர் சில ஆண்டுகள் உழைத்துச் சேமித்து ஊர் திரும்புவார்கள். வேண்டுமானால் மறுபடியும் போவார்கள். சட்டம் வந்தபின், ஒருமுறை ஊர் திரும்பினால் மீண்டும் உள்ளே நுழைய முடியுமோ என்ற அச்சம் பிறந்தது. போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். சட்டம் வருமுன் நுழைந்துவிட வேண்டும் என்று முந்திக்கொண்டு வந்தவர்களும் பலர். வரவைக் குறைக்கச் செய்த சட்டம், வந்தவர்களை நிலையாகக் குடியேற்றிற்று. கோழியைக் கூண்டுக்கு வெளியே நிறுத்துவதற்காக அடைத்த கதவு, உள்ளே இருந்த கோழியையும் வெளியே விடவில்லை.

சீட்டுப் பெற்று வந்த மருத்துவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது? உள்நாட்டு மருத்துவர்கள் விரும்பாதது கிடைத்தது. முதியோர் வார்டு, மனநோய் மருத்துவமனை, தென் வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகள், வடக்கே புகை படிந்த ஆலை நகரங்கள். அறுவை மருத்துவராக வேண்டும் என்று சென்றவர், முதியோர் மருத்துவராகி ஓய்வு பெற்ற கதைகள் மிகப் பல. வெறுப்போடு அங்கே போனவர்களில் சிலர் அத்துறைக்கே உயர்வு தேடித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரோண்டா பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளி, நெஞ்சில் கரித்தூள் படிந்து மூச்சுத் திணறியபோது தட்டிய கதவு பல ஊர்களில் ஓர் இந்திய மருத்துவரின் வீட்டுக் கதவாகவே இருந்தது.

இங்கே ஒருவரைப்பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஈனாக் பவல் என்பவர் 1960 முதல் 1963 வரை சுகாதார மந்திரி. மேற்சொன்ன மருத்துவர்களும் நர்ஸுகளும் அவர் துறையில்தான் உழைத்தார்கள். அதே பவல் 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்ஹாம் நகரில் குடியேறியவர்களுக்கு எதிராக நெருப்புமிழும் சொற்பொழிவொன்று நிகழ்த்தினார். அதனால் எதிர்க்கட்சி முன்னணித் தலைவர்களின் குழுவிலிருந்து நீக்கவும் பட்டார். அந்தச் சொற்பொழிவிலேயே, மருத்துவமனைகளை விரிவாக்க உதவிய காமன்வெல்த் மருத்துவர்கள் குடியேறியவர்கள் ஆகார் என்று ஒரு விலக்கும் கூறினார். கேட்பதற்கு அது மரியாதை போலத் தோன்றும். சற்றே நின்று யோசித்தால் அதன் பொருள் வேறு. வார்டில் ஊசி போடும்போது அவன் மருத்துவன். மாலையில் தெருவில் வீடு தேடி நடக்கும்போது, மகனைப் பள்ளியில் சேர்க்க நிற்கும்போது, அவன் யார்? அவனுடைய கைகள் வேண்டும். அவனும் அவன் வீட்டாரும் வேண்டாம். பவலின் பேச்சை மறுத்த அரசாங்கங்களும் இந்தக் கணக்கை விட்டொழிக்கவில்லை. 2024 மார்ச்சு விதியைப் படித்தபோது எனக்கு அந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

1971-இல் வந்த சட்டத்தையும், 1985-இல் வெளிநாட்டு மருத்துவர்களின் பயிற்சிக் காலத்துக்கு விதித்த வரம்பையும் நான் விரித்துரைக்கவில்லை. பரீட்சைக்கு வேண்டுவோர் நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2006-க்கு வருகிறேன்.

அவ்வாண்டு மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து பயிற்சி பெறும் மருத்துவர்களும் இனி வேலை அனுமதி பெற வேண்டும்; உள்நாட்டாரிலும் ஐரோப்பியரிலும் தகுந்தவர் இல்லையென்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும் என்பது அதன் சாரம். ஏப்ரல் தொடக்கத்திலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அரசு சொன்ன காரணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய மருத்துவக் கல்லூரிகள் திறந்து, உள்நாட்டு இளைஞர்கள் மிகுதியாகப் பட்டம் பெற்று வந்தார்கள். அவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான இந்திய மருத்துவர்கள் தேர்வுக் கட்டணம் கட்டி, தேறி, வேலைக்குக் காத்திருந்தார்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில் ஓர் அறையில் பலராகத் தங்கி, கோயிலில் தரும் அன்னதானத்தை நம்பியிருந்த இளம் மருத்துவர்களைப்பற்றிப் பத்திரிகைகள் எழுதின. நம்மூரில் பெற்றோர் நிலத்தை விற்று அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008 ஏப்ரலில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை, சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்கு அனுப்பிய வழிகாட்டுக் குறிப்பு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது. ஆனால் பலர் அதற்குள் மூட்டை கட்டி வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள்.

பத்தாண்டு கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். தேர்ச்சி பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 20,700 விசா என்று 2011 முதல் ஓர் உச்சவரம்பு இருந்தது. 2017 டிசம்பரிலிருந்து மாதந்தோறும் அது நிரம்பி வழிந்தது. சம்பளம் அதிகமானவருக்கு முன்னுரிமை; இளம் மருத்துவரின் சம்பளம் வங்கி அதிகாரியின் சம்பளத்துக்கு ஈடாகுமா? மருத்துவமனை வேலைக்கு ஆணை கொடுத்துவிட்டது, நோயாளி காத்திருக்கிறார், மருத்துவர் புறப்பட ஆயத்தமாக இருக்கிறார், உள்துறை அலுவலகம் விசா இல்லை என்கிறது. சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் இப்படித் தடுக்கப்பட்டார்கள். சம்பளம் கொடுக்க ஒப்பியதும் அரசாங்கம், தடுத்ததும் அரசாங்கம். 2018 ஜூனில் மருத்துவர்களையும் நர்ஸுகளையும் அந்த வரம்பிலிருந்து விலக்கினார்கள்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது சேர்க்கைப் பதிவேடு அலுவலகத்தில் இருக்கும். மதிய உணவுக் கணக்கு சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கும். ஒருமுறை இருவருக்கும் மனத்தாங்கல் வந்து பேச்சு நின்றுபோயிற்று. மூன்று நாள் பொறுத்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தட்டோடு நின்றுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். பிரிட்டனில் உள்துறை, வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுகிறது. சுகாதாரத் துறை, காலியிடம் எத்தனை என்று எண்ணுகிறது. இரு கணக்கையும் ஒரே பலகையில் எழுதிப் பார்ப்பவர் இல்லை. தட்டோடு நின்ற பிள்ளையின் நிலைதான் அங்கே நோயாளிக்கும்.

கொரோனாக் காலத்தை நீங்களே கண்டவர்கள். 2020-இல் அந்நோய் பரவியபோது பிரிட்டனில் முதன்முதலில் உயிரிழந்த மருத்துவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். வியாழக்கிழமை மாலைதோறும் மக்கள் வீட்டு வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். பிரதமர் போரிஸ் ஜான்சனே நோயுற்று மருத்துவமனையில் கிடந்து மீண்டபோது, தம் படுக்கையருகே இரவெல்லாம் நின்ற நர்ஸுகள் இருவருக்கு நன்றி சொன்னார். ஒருவர் நியூஸிலாந்துக்காரர், மற்றவர் போர்ச்சுகல் நாட்டவர். அதே காலத்தில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த நர்ஸ் ஒவ்வொருவரும் சுகாதாரக் கட்டணம் என்று ஒன்று கட்ட வேண்டியிருந்தது. 2015-இல் ஆண்டுக்கு 200 பவுன். 2019-இல் 400 பவுன். குடும்பத்தில் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் தனித்தனியே. வரியும் கட்டி, அதே மருத்துவமனையில் உழைத்தும், தான் நோயுற்றால் அங்கே படுப்பதற்கு முன்கூட்டியே இக்கட்டணம். மே 20 அன்று பார்லிமெண்டில் இதை நீக்க முடியாதென்று சொன்ன பிரதமர், மறுநாளே மருத்துவப் பணியாளர்களுக்கு நீக்கினார். மற்றத் தொழிலாளர்களுக்கு அது தொடர்ந்து ஏறியது. 2024 பிப்ரவரியில் 1,035 பவுன் ஆயிற்று.

இனி, என் மாணவியர் செய்யும் வேலைக்கு வருகிறேன். மருத்துவமனையில் வைத்தியம் இலவசம் என்றேன். ஆனால் நடக்க மாட்டாத முதியவரை எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, உணவூட்டுவது வைத்தியம் ஆகாது, அது பராமரிப்பு. அதை உள்ளூராட்சி மன்றங்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களைக் கொண்டு நடத்துகின்றன. அங்கே கூலி குறைவு. கடையில் சாமான் அடுக்கினால் அதைவிட அதிகம் கிடைக்கும் என்று உள்ளூரார் போய்விடுகிறார்கள். 2021-22-இல் இங்கிலாந்தில் மட்டும் இத்துறையில் ஏறத்தாழ 1,65,000 இடங்கள் காலி. அதனால் 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசா திறந்தார்கள். 2023-24-இல் காலியிடம் 1,31,000 ஆகக் குறைந்தது.

காலியிடம் என்றால் என்னவென்று உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்கிறார். அறுவை முடிந்து பத்து நாளில் குணமாகிவிடுகிறது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் எழுதிவிடுகிறார். ஆனால் வீட்டில் காலையும் மாலையும் வந்து பார்க்க ஆள் இல்லை. ஆகவே மூதாட்டி வார்டிலேயே இருக்கிறார். அந்தப் படுக்கைக்கு வர வேண்டிய நோயாளி, கீழே அவசரப் பிரிவில் தள்ளுவண்டியில் கிடக்கிறார். தள்ளுவண்டி காலியாகாததால், அடுத்த நோயாளியை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. அது நிற்பதால், எங்கோ ஒரு தெருவில் மார்வலியால் துடிப்பவர் வீட்டுக்கு வண்டி வரவில்லை. 2023 ஜனவரியில், வீட்டுக்குப் போகத் தகுதியிருந்தும் போக வழியில்லாமல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 14,000 பேர் கிடந்தார்கள். மார்வலிக்காரரின் உயிர், மூதாட்டியைக் குளிப்பாட்ட ஒரு பெண் வருகிறாளா என்பதைப் பொறுத்திருக்கிறது.

பிரிட்டிஷ் அரசின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனுடன் முடிந்த ஆண்டில் வந்தவர் தொகை, போனவர் தொகையைவிட ஒன்பது லட்சத்துக்கும் மேல் மிகுந்திருந்தது. 2023 செப்டம்பருடன் முடிந்த ஆண்டில் பராமரிப்பாளர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் வர, அவர்களைச் சார்ந்தோர் சுமார் 1,20,000 பேர் வந்தார்கள் என்று அரசு கணக்குக் காட்டியது. வீட்டு வாடகை ஏறுகிறது, பள்ளிகளில் இடமில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். போலி நிறுவனங்களும் முளைத்திருந்தன. தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. வெளிநாட்டாரை நம்புவதை விட்டு, கூலியை உயர்த்தி உள்ளூராரைச் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. வரிசையைத்தான் மறுக்கிறேன். கூலியை உயர்த்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். கதவை முதலில் சாத்தினார்கள். உடல்நலம், பராமரிப்புத் துறை ஊழியர்களுக்குத் தந்த விசாக்கள், குடும்பத்தார் நீங்கலாக, 2023-இல் ஏறத்தாழ 1,46,000; 2024-இல் ஏறத்தாழ 27,000. 2025 ஜூலை 22 முதல் பராமரிப்பாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

பின்னே சென்றவளின் கதைக்குத் திரும்புகிறேன். அவளை வரவழைத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வாரத்துக்கு முப்பத்தொன்பது மணி வேலை என்று தாளில் எழுதியிருந்தது. சில வாரங்களில் பன்னிரண்டு மணியே கொடுத்தார்கள். வேறு சில வாரங்களில் விடியற்காலை ஐந்து முதல் இரவு பத்து வரை வீடுவீடாக ஓட்டினார்கள். ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பஸ்ஸில் போகும் நேரத்துக்குக் கூலி இல்லை. முறையிடக்கூடாதா என்று கேட்டேன். “ஐயா, என் விசா அவர்கள் பெயரில் இருக்கிறது,” என்றாள்.

இதைச் சற்று விளக்க வேண்டும். அங்கே வெளிநாட்டாரை வேலைக்கு வைக்கும் நிறுவனம் அரசிடம் உரிமம் பெற வேண்டும். தொழிலாளியின் விசா அந்த உரிமத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. நிறுவனம் தவறு செய்தால் அரசு உரிமத்தைப் பறிக்கிறது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470-க்கும் மேற்பட்ட உரிமங்கள் பறிக்கப்பட்டன. பறித்தது சரியே. ஆனால் முதலாளி செய்த தவறுக்குத் தண்டனை தொழிலாளிக்கும் சேர்ந்தே வருகிறது. அரசிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வரும். உரிமம் உள்ள வேறொரு முதலாளியை 60 நாளுக்குள் தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். முதலாளியைப் பற்றிப் புகார் செய்தால் தன் காலடி மண்ணையே தோண்டுவதாகும் என்று அறிந்த பெண் எப்படிப் புகார் செய்வாள்?

2025 பிப்ரவரியில் அவள் நிறுவனத்தின் உரிமம் பறிபோயிற்று. கடிதம் வந்த அன்றிரவு என்னை அழைத்தாள். அவள் அழவில்லை. “ஐயா, 60 நாளில் சனி ஞாயிறும் சேருமா?” என்று கேட்டாள். சேரும் என்றேன். கணக்கு ஆசிரியனாக நான் சொன்ன விடைகளில் இதைச் சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. அடமானத்தில் இருந்த நகையைப்பற்றியோ, தரகருக்குக் கொடுத்த பணத்தைப்பற்றியோ அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முன்னே சென்றவள் தன் வீட்டில் அவளுக்கு இடம் கொடுத்தாள். இருவரும் உட்கார்ந்து விண்ணப்பங்கள் எழுதினார்கள். எழுபதுக்கும் மேல் எழுதியதாகச் சொன்னார்கள். வேலை உண்டு, ஆனால் வெளிநாட்டாருக்கு உரிமம் இல்லை என்று சிலர் பதில் எழுதினார்கள். பலர் பதிலே எழுதவில்லை. இப்படி வேலையிழந்து நிற்பவர்களைச் சேர்க்க முயன்ற பின்னரே வெளிநாட்டிலிருந்து புதியவர்களை எடுக்கலாம் என்று ஏப்ரல் 9 முதல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது, நல்ல விதி. அது வந்த வாரத்தில், ஐம்பத்திரண்டாம் நாள், கடற்கரையோர ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அந்த ஐம்பத்திரண்டு நாளில் அவள் பார்த்துக்கொண்டிருந்த முதியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அவளிடமிருந்தே அறிந்தேன். எட்டு வீடுகள் அவள் பொறுப்பில் இருந்தன. நிறுவனம் மூடியதும், ஆறு வீடுகளுக்கு வேறு ஏற்பாடு நடந்தது. ஒரு முதியவரை மகள் வேலையை விட்டுவிட்டு வந்து கவனித்தாள். தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, மூன்றாம் வாரத்தில் குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். குணமான பின்னும், வீட்டுக்கு வரப் பராமரிப்பாளர் கிடைக்காமல் ஒரு மாதத்துக்கு மேல் வார்டிலேயே இருந்தாராம். வேலை தேடி அலைந்த என் மாணவி ஒருநாள் பஸ் ஏறிப்போய் அவரைப் பார்த்தாள். ஒரே மாவட்டத்தில், வேலை இல்லாத பராமரிப்பாளர் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பராமரிப்பாளர் இல்லாததால் வீடு திரும்ப முடியாதவர் எதிரே படுத்திருக்கிறார். மூதாட்டி அவளிடம், எப்போது மீண்டும் வருகிறாய் என்று கேட்டாராம். சட்டத்தை விளக்கிச் சொல்ல இவளுக்கு ஆங்கிலம் போதவில்லை. தலையை வாரிவிட்டு, ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

நம் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவர்களைப் படிக்க வைத்தது நம் பள்ளியும் நம் வரிப்பணமும். நம் ஊர்களில் நோயாளி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் இதுபற்றி ஒரு நெறிமுறை வகுத்தது. மருத்துவ ஊழியர் குறைந்த நாடுகளிலிருந்து வளம் மிகுந்த நாடுகள் வலிந்து ஆள் சேர்க்கலாகாது, சேர்ந்தவரை உள்நாட்டாருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பவை அதில் உண்டு. முதலாவதைப்பற்றி நம்மவர்க்குள் கருத்து வேற்றுமை இருக்கலாம்; அது வேறொரு நாளைக்குரிய பேச்சு. இரண்டாவதைப்பற்றி இருக்க நியாயமில்லை. உங்களில் சிலர் நாளை இப்படி வெளிநாடு போகக்கூடும். போவதற்குமுன், விசா யார் பெயரில் கட்டப்பட்டிருக்கிறது, அந்த நிறுவனத்தின் பெயர் அரசின் உரிமப் பட்டியலில் இருக்கிறதா, வேலையை விட்டால் எத்தனை நாள் தங்கலாம் என்னும் மூன்றையும் நீங்களே படித்தறியுங்கள். பட்டியல் எல்லோரும் பார்க்கக் கூடியது. தரகர் வாயால் கேட்க வேண்டியதில்லை.

பின்னே சென்றவளின் மகள் இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். மாலையில் சில நாள் என் வீட்டுக்கு வருவாள். என்னிடம் ஒரு பழைய உலகப்படம் இருக்கிறது. அதில் தன் தாய் இருக்கும் ஊரைக் காட்டச் சொன்னாள். அந்தச் சிறு கடற்கரை ஊர் அதில் இல்லை. ஆகவே கரையோரமாகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து, அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஸ்கேல் வைத்து அளந்து, பதினெட்டு சென்டிமீட்டர் என்றாள்.